பூட்ஸணிந்த காலும் மோட்டார் சைக்கிளின் மிதிகருவிகளும்

மோட்டார் சைக்கிளைச் செலுத்துவார்க்கு இரு கைகளும் இரு கால்களும் ஒருங்கே தொழிற்படல் வேண்டும். வலக்கை எஞ்சினின் விசையையும் முன் சக்கரத்தின் பிரேக்கையும் ஆளும். இடக்கை கிளட்சை ஆளும். இக்காலத்து வண்டிகளில் இடக்கால் கியரை மாற்றும்; வலக்கால் பின் சக்கரத்தின் பிரேக்கை மிதிக்கும். கைகள் பற்றியிருப்பன எப்பொழுதும் கைக்குள்ளேயே இருப்பன. கால்களோ கண்ணுக்குப் புலனாகாத இடத்தே, தொட்டுணர்ச்சி ஒன்றனையே துணையாகக் கொண்டு தொழில் செய்வன. ஆதலின் காலுக்குரிய கருவிகள் கால் எதிர்பார்க்கும் இடத்திலேயே இருத்தல் இன்றியமையாதது. அவ்விடம் அரை அங்குலம் பிறழினும் கால் தேடத் தொடங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரம் ஓடுகின்றது. கால் அரை நொடி தேடுமாயின் வண்டி 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்த எட்டு மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் ஒரு குழந்தை இருத்தல் கூடும்.

இக்கட்டுரையில் ஆராயப் புகுந்தது, தடித்த பெரிய பூட்ஸ் அணிந்து வண்டி செலுத்துவார்க்கு இம்மிதிகருவிகளை எங்ஙனம் பொருந்த அமைத்தல் வேண்டும் என்பதே. இதனைச் சிறு பொருளென்று ஒதுக்குதல் தகாது. நம் மாணவருட் பலர் செருப்பணிந்தே வண்டியேறுகின்றனர். காரணம் வினவின், சிலர் வெயிலென்பர், சிலர் விலையென்பர். பூட்ஸ் வாங்கி வைத்திருப்பாருள்ளும் சிலர், “பூட்ஸ் போட்டால் கியர் விழவில்லை, பிரேக் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை” என்று கூறி அதனை அறையின் மூலையிலே இட்டுவிடுகின்றனர். வண்டி சாய்ந்து விழுங்கால் அதன் கீழ் எளிதில் அகப்படுவன கணுக்காலும் பாதவிரல்களுமாம். அவற்றைக் காக்கும் பொருளை நீக்கிவிட்டு லீவரை இருந்தவாறே விடுதல், தலைக்கவசம் இறுக்குகின்றதென்று வெறுந்தலையோடு செல்வதனோடொக்கும். நீக்கற்பாலது பூட்ஸன்று, இடம் மாற்றற்பாலது லீவரே. லீவர் இடம் மாறக்கூடியது என்பதனைப் பலர் அறியார். அதனை அறிவித்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டுப் பட்டறையில் வழங்குஞ் சொற்களையே ஆண்டுள்ளேன். இதனைப் படித்தபின் மெக்கானிக்கிடம் சென்று தமக்கு வேண்டுவதை உரைக்க விரும்புவார்க்கு அச்சொற்களே பயன்படும்.

1. பூட்ஸின் இயல்பு

மோட்டார் சைக்கிளுக்குரிய பூட்ஸ் வெறுந்தோற்றத்திற்காகப் பெரிதாகச் செய்யப்பட்டதன்று. ஐரோப்பிய நாடுகளில் இவ்வகைப் பாதணிகட்கென்றே ஈ.என். 13634 என்னும் தர அளவை உண்டு. பாதணியின் உயரம், தரையில் உராயுங்கால் தேயாது நிற்றல், கூரிய பொருளால் வெட்டுண்ணாமை, குறுக்கே அழுத்துங்கால் நசுங்காமை ஆகியவற்றை அது சோதிக்கின்றது. இவற்றிற்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டின், அடி தடித்தும், முன்புறம் உறுதியாகவும், கணுக்காற்பகுதி எளிதில் வளையாமலும் இருத்தல் வேண்டும்.

இக்குணங்களால் மூன்று மாறுபாடுகள் விளைகின்றன. முதலாவது, விரற்பகுதியின் தடிப்பு மிகுதலால், கியர் லீவரின் கீழே கால் நுழைவதற்கு முன்னினும் அதிக இடைவெளி வேண்டியதாகின்றது. இரண்டாவது, கணுக்கால் மேலும் கீழும் அசையும் அளவு குறைகின்றது. கரடுமுரடான நிலத்திற் செலுத்துவார் அணியும் மோட்டோகிராஸ் பூட்ஸில் இக்குறை மிகத் தெளிவாகத் தோன்றும். மூன்றாவது, தடித்த அடியினூடே உணர்ச்சி மழுங்குகின்றது. பெடலின்மேற் கால் மெல்லப் படிந்திருப்பினும் செலுத்துவோன் அதனை அறியான். இம்மூன்றனுள் முதலிரண்டும் யாவர்க்கும் உடனே புலப்படும். மூன்றாவது புலப்படாது; ஆதலின் அதுவே மிகத் தீங்கு பயப்பது.

2. கியர் லீவர் வந்த வரலாறு

பண்டை மோட்டார் சைக்கிள்களிற் கியர் மாற்றுதல் பெட்ரோல் தொட்டியின் பக்கத்தே நின்ற ஒரு கோலைக் கையாற் பற்றி நிகழ்ந்தது. 1920-ஆம் ஆண்டுகளின் இறுதியில், இங்கிலாந்தில் வெலோசெட் வண்டிகளைச் செய்த நிறுவனத்தைச் சார்ந்த ஹரால்டு வில்லிஸ் என்பார் காலால் இயக்கும் ஒரு புதிய முறையை வகுத்தார். அதன்படி ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஒரு கியரே மாறும். மாறியவுடன் லீவர் வில்லின் விசையால் தன் நடுவிடத்திற்கே மீண்டுவிடும். கால் எப்பொழுதும் ஒரே இடத்தில் லீவரைக் காணலாம். பின்னர் இம்முறையே உலகெங்கும் பரவியது.

இவ்வமைப்பில் நாம் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. லீவர் நடுவிடத்திற்கு மீண்ட பின்னரே உள்ளிருக்கும் கொக்கி அடுத்த பல்லைப் பற்ற இயலும். பெரிய பூட்ஸின் நுனி லீவரைச் சிறிதளவேனும் தாங்கிக்கொண்டோ அழுத்திக்கொண்டோ இருப்பின், லீவர் முழுதும் மீளாது. அடுத்த கியர் விழாது. அன்றியும் இடைவிடாத அழுத்தம் கியர்ப் பெட்டியின் உள்ளுறுப்புக்களைத் தேய்க்கும். “கியர் விழவில்லை” என்று கூறுவார் பெரும்பாலும் தாம் போதிய அளவு மிதிக்கவில்லையென்று எண்ணி மேலும் வலிந்து மிதிக்கின்றனர். ஆனால் குறை பலவேளைகளில் மிதியாமையாலன்று, விடாமையால் வருவது. மிதிகருவியை அமைப்பார் இதனையே அடிப்படையாகக் கொள்ளல் வேண்டும்: கால் நுழைய இடமும், மிதிக்க வழியும், விட்டு நிற்க வெளியும் ஆகிய மூன்றும் அமைதல் வேண்டும். இவற்றுள் இறுதியிற் கூறியதே பெரிதும் மறக்கப்படுகின்றது.

எக்கால் எதனை மிதிப்பது என்பதும் தொடக்கத்தில் ஒரு தன்மையாக இருந்ததன்று. ஆங்கிலேய வண்டிகள் பலவற்றிற் கியர் வலப்பக்கத்தும் பிரேக் இடப்பக்கத்தும் இருந்தன. 1974-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதியொன்று கியர் இடப்பக்கத்தும் பிரேக் வலப்பக்கத்தும் இருத்தல் வேண்டுமென்று வரையறுத்தபின், அவ்வழக்கே எங்கும் நிலைத்தது. நம் நாட்டிலோ பழைய முறை நெடுங்காலம் வாழ்ந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. அந்நிறுவனம் திருவொற்றியூரிற் செய்த புல்லட் வண்டிகளில் கியர் பல்லாண்டுகள் வலக்காலுக்கே உரியதாயிருந்தது. அவற்றில் கியர் லீவரையன்றி, குதிகாலால் அழுத்தி நியூட்ரல் பெறுதற்குரிய ஒரு சிறு லீவரும் உண்டு. பூட்ஸ் அணிந்தவர் கியர் மாற்றுங்கால் இச்சிறு லீவரை அறியாது அழுத்திவிடல் கூடும். இன்றும் இத்தகைய பழைய புல்லட்டை வைத்திருப்பார், எப்பக்கம் எக்கருவியென்பதை முதற்கண் தெளிந்து, பின்னரே திருத்தத் தொடங்குதல் நன்று.

3. கியர் லீவரை அமைக்கும் முறை

எந்தத் திருத்தத்திற்கும் முன்னே, தாம் நாடோறும் அணியும் பூட்ஸையே அணிந்துகொண்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அதன்மேல் இயல்பாக அமர்தல் வேண்டும். பாதத்தை ஃபுட்ரெஸ்டின்மேல் வைத்து, கணுக்காலை வளைக்காமல், கால் தானாக நிற்கும் நிலையைக் காண்க. அந்நிலையில் பூட்ஸின் நுனி லீவரின் கீழே உராயாமல் நுழைந்து வெளிவருதல் வேண்டும். லீவரை மேலிருந்து அழுத்துங்கால் கால் ஃபுட்ரெஸ்டினின்று முழுதும் எழும்ப வேண்டிய நிலையும் கூடாது. இவ்விரண்டிற்கும் நடுவே உள்ளதே உரிய இடம். அவ்விடத்தைக் கண்டபின், லீவர் இப்பொழுது நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியாலோ மையாலோ குறித்துக்கொள்க. திருத்தம் பொருந்தாவிடின் பழைய இடத்திற்கு மீள அக்குறி உதவும்.

லீவர் பொருத்தப்பட்டிருக்கும் வகை இரண்டு. முதல் வகையில், கியர்ப் பெட்டியினின்று வெளிவரும் தண்டின்மேல் நுண்ணிய பற்கள் சுற்றிலும் இருக்கும். லீவரின் பிளந்த வளையம் அப்பற்களைக் கவ்வி ஒரு போல்ட்டினால் இறுக்கப்பட்டிருக்கும். இப்போல்ட்டைத் தளர்த்தினாற் போதாது. முழுதும் கழற்றுதல் வேண்டும். தண்டில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டு, போல்ட்டு அதனூடே செல்வதும் உண்டாதலின், கழற்றாது இழுப்பின் பற்கள் கெடும். கழற்றியபின் லீவரை உருவி, ஒரு பல் மேலே ஏற்றி மீண்டும் பொருத்துக. ஒரு பல்லால் விளையும் மாற்றம் எவ்வளவென்பதைக் கணக்கிட்டு நோக்குவோம். தண்டைச் சுற்றி 36 பற்கள் உளவெனக் கொள்வோமாயின், ஒரு பல்லுக்கு 10 பாகை. லீவரின் நீளம் 12 சென்டிமீட்டராயின், அதன் நுனி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரும். தடித்த பூட்ஸுக்குப் பலவிடத்தும் ஒரு பல்லே போதியதாதல் இதனால் விளங்கும்.

இரண்டாம் வகையில், லீவருக்கும் தண்டுக்கும் இடையே ஒரு கம்பி இருக்கும். அதன் இரு முனையிலும் லாக் நட்டுக்கள் உள்ளன. ஒரு முனையின் மரை வழக்கமான பக்கத்தும், மற்றொரு முனையின் மரை எதிர்ப்பக்கத்தும் திரும்பும். இரண்டு நட்டுக்களையும் தளர்த்திக் கம்பியைத் திருப்பின், அது ஒருங்கே நீளும் அல்லது குறுகும். மரையின் இடைவெளி 1 மில்லிமீட்டராயின், கம்பியை ஒரு முழுச் சுற்று சுற்ற அதன் நீளம் 2 மில்லிமீட்டர் மாறும். ஆதலின் நுண்ணிய திருத்தத்திற்கு இம்முறையே சிறந்தது. மரை முனைகளில் போதிய அளவு உள்ளே பதிந்திருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் பற்றி நிற்க விடுதல் ஆபத்து. கம்பியும் தண்டின் சிறுகையும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்குமாறு காத்தலும் வேண்டும். கோணம் மிகப் பிறழின் மிதிக்கும் விசை வீணாகும்.

பாதம் நீண்டவர்க்கு லீவரின் உயரம் பொருந்தினும் நீளம் பொருந்தாமை உண்டு. அவர்க்குச் சற்று நீண்ட லீவரை மாற்றிப் பொருத்துதல் தகும். நீண்ட லீவர் குறைந்த விசையால் இயங்கும். ஆனால் அதன் நுனி அதிக தூரம் அசைதல் வேண்டும் என்பதை மறத்தலாகாது. நம் நாட்டுச் சிறு வண்டிகள் பலவற்றில் விரலாலும் குதிகாலாலும் இருபுறமும் மிதிக்கும் லீவர் உண்டு. பெரிய பூட்ஸ் அவ்விரண்டிற்கும் நடுவே அடங்காமற் போகலாம். அங்ஙனமாயின் பின்பகுதி இல்லாத லீவரைப் பொருத்தி, விரலால் மட்டும் கியர் மாற்றிப் பழகுவாரும் உளர்.

4. பிரேக் பெடலை அமைக்கும் முறை

கியர் தவறின் வண்டி தடுமாறும். பிரேக் தவறின் உயிருக்கே கேடு விளையும். ஆகவே இப்பகுதியை மிக்க கவனத்தோடு செய்தல் வேண்டும். வண்டியை நிறுத்தும் விசையிற் பெரும்பகுதி முன் பிரேக்கினது என்பது உண்மையே. எனினும் மெல்லச் செல்லும்போதும், மணல் படிந்த வழியிலும், மேட்டில் நிற்கும்போதும் பின் பிரேக்கே கைகொடுக்கின்றது.

பெடலைத் திருத்துவதில் ஒழுங்குமுறை மாறலாகாது. முதலிற் பெடலின் உயரம். அடுத்து அதன் வெற்றசைவு. இறுதியிற் பிரேக் விளக்கின் சுவிட்சு. வெற்றசைவாவது, பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் பெடல் தடையின்றிக் கீழிறங்கும் அளவு. மெக்கானிக்குகள் இதனை ப்ளே என்பர். உயரத்தை மாற்றியவுடன் மற்றை இரண்டும் மாறிவிடும். ஆதலின் உயரத்தை மட்டும் மாற்றிவிட்டுச் செல்வார் பணியைப் பாதியில் விட்டவராவர்.

டிரம் பிரேக்குள்ள வண்டிகளிற் பெடலின் உயரத்தை வரையறுக்கும் போல்ட்டும் லாக் நட்டும் பெடலின் அருகே காணப்படும். உயரத்தை அமைத்தபின், பின் சக்கரத்தருகே கம்பியின் முனையிலுள்ள நட்டைத் திருப்பி வெற்றசைவை அமைத்தல் வேண்டும். பெடலின் நுனியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை வெற்றசைவு வேண்டுமெனப் பல வண்டிகளின் கையேடுகள் கூறுகின்றன. தத்தம் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிந்த அளவு. பிரேக் ஷூ தேயத் தேயப் பெடல் மேலும் கீழிறங்கும் என்பதையும் கருதி, முழுதும் மிதித்த நிலையிலும் பெடல் வேறெதிலும் முட்டாதபடி இடம் விடுக.

டிஸ்க் பிரேக்குள்ள வண்டிகளிற் பெடல் ஒரு சிறு கோலினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகின்றது. அக்கோலின் நீளத்தை லாக் நட்டைத் தளர்த்தி மாற்றலாம். கால் எடுத்தவுடன் பிஸ்டன் முழுதும் பின்வாங்குதல் வேண்டும். அப்பொழுதே பிரேக் எண்ணெய் மேற்கலத்திற்குத் திரும்பும் சிறுதுளை திறக்கும். கோலை மிகை நீளமாக்கிவிட்டால், அல்லது தடித்த பூட்ஸ் உணராமலே பெடலின்மேற் படிந்திருந்தால், அத்துளை மூடியே இருக்கும். பிரேக் உராய்ந்து சூடேறும். சூட்டால் எண்ணெய் விரியும். விரிந்த எண்ணெய் மேலும் பிரேக்கை இறுக்கும். இறுதியிற் சக்கரம் தானே இறுகி நின்றுவிடல் கூடும். விட்டு நிற்க வெளி வேண்டுமென்று முன்னர்க் கூறியதன் முழுப்பொருளும் இங்கே விளங்கும்.

பின்னர்ப் பிரேக் விளக்கின் சுவிட்சை அமைக்க. அதன் உடலை அசையாமற் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினால் சுவிட்சு ஏறவும் இறங்கவும் செய்யும். பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்னே விளக்கு எரிதல் வேண்டும். கால் எடுத்தவுடன் அணைதல் வேண்டும். எப்பொழுதும் எரியும் விளக்கு பின்னே வருவோர்க்கு எதனையும் அறிவிப்பதன்று.

ஒரு வேறுபாட்டை ஈண்டுக் குறித்தல் தகும். 125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகட்கு இணைப்புப் பிரேக்கோ ஏ.பி.எஸ். அமைப்போ வேண்டுமென்னும் விதி 2019 ஏப்ரலில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இணைப்புப் பிரேக்குள்ள மோட்டார் சைக்கிள்களிற் காற்பெடல் முன் பிரேக்கையும் சேர்த்து இயக்கும். அத்தகைய வண்டியிற் பெடலைத் தொடுதல் இரு சக்கரங்களையும் தொடுதலாம். ஆதலின் அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

5. ஃபுட்ரெஸ்டும் பூட்ஸ் கயிறும்

சிலர் லீவரைத் தொடாது ஃபுட்ரெஸ்டையே தாழ்த்திவிடுகின்றனர். அதனாலும் இடைவெளி கிடைக்கும். ஆயின் வளைவிற் சாயுங்கால் தாழ்ந்த ஃபுட்ரெஸ்டு விரைவில் தரையைத் தொடும். அன்றியும் கியர், பிரேக் இரண்டன் உயரத்தையும் மீண்டும் திருத்த வேண்டிவரும். எனவே முழங்கால் மிக மடங்கி வருந்துவார்க்கன்றி மற்றையோர்க்கு இது வேண்டற்பாலதன்று. ஃபுட்ரெஸ்டின்மேல் எழுந்து நின்று கரடுமுரடான வழியிற் செலுத்துவார்க்குப் பெடலின் உயரம் வேறாகும். அமர்ந்த நிலைக்குப் பொருந்தியது நின்ற நிலைக்குப் பொருந்தாது. தாம் மிகுதியும் செலுத்தும் நிலை எதுவோ அதற்கே அமைத்துக்கொள்க.

பூட்ஸின் கயிறும் கருதற்பாலது. தொங்கும் கயிற்றின் வளையம் லீவரிலோ ஃபுட்ரெஸ்டிலோ சிக்கின், வண்டி நின்றவுடன் காலைத் தரையில் ஊன்ற இயலாது. வண்டியோடு செலுத்துவோனும் சாய்வான். கயிற்றை முடிந்தபின் எஞ்சியதைப் பூட்ஸினுள்ளே செருகிவிடுதல் வேண்டும்.

6. சோதனை

திருத்தம் முடிந்தவுடன் சாலைக்குச் செல்லற்க. முதலில் எஞ்சினை நிறுத்தி, வண்டியை நடுத்தாங்கியில் ஏற்றுக. ஒருவர் பின் சக்கரத்தை டயரைப் பற்றி மெல்லச் சுழற்ற, மற்றொருவர் ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்க்க; சுழற்றுவார் விரல்கள் சங்கிலியினின்று விலகியிருத்தல் வேண்டும். பின்னர் நியூட்ரலில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிப் பெடலை மிதித்து விடுக. விட்டவுடன் சக்கரம் தடையின்றிச் சுழலல் வேண்டும். அதன்பின் எல்லா நட்டும் போல்ட்டும் இறுகினவா என்று ஸ்பேனரால் மீண்டும் நோக்கி, ஆளில்லாத திடலில் மெல்லச் செலுத்திப் பழகுக. கால் பழைய இடத்தையே சில நாள் தேடும். அப்பழக்கம் மாறுமட்டும் நெரிசலான தெருவைத் தவிர்த்தல் அறிவுடைமை.

இனி, ஓர் ஐயம் எழுதல் கூடும். நம் வீடுகளில் வண்டி ஒருவர்க்கே உரியதன்று. காலையில் தந்தையார் செருப்பணிந்து கடைக்குச் செல்வர். பின்னர் மகன் பூட்ஸணிந்து கல்லூரிக்கு வருவன். மாலையில் தமக்கை அதனையே எடுத்துச் செல்வள். ஒருவர்க்குப் பொருந்துமாறு அமைத்தது மற்றொருவர்க்குப் பொருந்தாதே, யார் காலுக்கு அமைப்பது என்பது அவ்வையம். நாடோறும் ஸ்பேனரோடு நிற்றல் இயலாது. மூவரும் ஒருநாள் வண்டியருகே கூடி, அவரவர் பாதணியோடு அமர்ந்து பார்த்து, எவரும் தேடாமல் மிதிக்கவும் எவரும் அறியாமல் அழுத்தாதிருக்கவும் தக்க ஓர் உயரத்தைக் காண்டலே வழி. அங்ஙனம் காண்டல் அரிதாயின், செருப்பின் அளவிற்குப் பூட்ஸைத் துறத்தலினும், பூட்ஸின் அளவிற்கு லீவரை உயர்த்தி, செருப்பணிந்தாரும் மூடிய பாதணி அணிந்து ஏறுதலே மேற்கொள்ளத்தக்கது. ஒரு போல்ட்டைக் கழற்றி ஒரு பல் ஏற்றிப் பூட்ட அரைமணி நேரம் மிகுதி. அவ்வரைமணி நேரத்தைச் செலவிடாமையால் எத்தனையோ நல்ல பூட்ஸுகள் கட்டிலின் கீழே புழுதி படிந்து கிடக்கின்றன. அவற்றிற்குரிய கால்களோ வெறுஞ்செருப்போடு நெடுஞ்சாலையிற் செல்கின்றன.